ஊர்ப் பொதுத் தோட்டத்துக்கும் முறை வேண்டும்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஊரிலுள்ள பொது இடத்தில் பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு காய்கறித் தோட்டம் போடுவது பற்றியும், அதை வருடக்கணக்கில் வாடாமல் காப்பது பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

தோட்டம் போடுவது கடினமான வேலை அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் மம்பட்டியோடு வந்தால் வேலை முடிந்துவிடும். அன்று குழி எடுப்போம், கன்று நடுவோம், எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். ஆனால் நட்ட கன்று பிழைத்ததா என்பதை அன்று சொல்ல முடியாது. அடுத்த சித்திரை வெயில்தான் சொல்லும். முதல் ஆண்டு ஆர்வத்தில் ஓடிவிடும். இரண்டாம் கோடையில்தான் பொதுத் தோட்டங்கள் பெரும்பாலும் காய்கின்றன. பள்ளிக்கூடத் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் மிகுதியாகத் தேவைப்படும் சித்திரை, வைகாசியில்தான் கோடை விடுமுறை வருகிறது. பிள்ளைகளும் இல்லை, ஆசிரியர்களும் இல்லை. ஜூன் மாதம் கதவைத் திறக்கும்போது கட்டாந்தரைதான் மிஞ்சுகிறது.

இதற்கு மண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. 'யாராவது தண்ணீர் விடுவார்கள்' என்று எல்லோரும் இருந்துவிடுவதே காரணம். எல்லோருக்கும் உரியது யாருக்கும் பொறுப்பில்லாததாக ஆகிவிடுகிறது. ஆகவே விதையையும் உரத்தையும் பற்றிப் பேசுவதற்கு முன்னால் முறையைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

முறை நமக்குப் புதிதல்ல

கொங்கு நாட்டு உழவர்களுக்கு முறை என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. நம் பகுதியில் கூட்டுக் கிணறுகள் உண்டு. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டாலும் கிணற்றை வெட்டிப் பிரிக்க முடியாது. ஆகவே நாளைப் பிரித்தார்கள். இன்ன நாள் இன்னாருக்கு என்று கவலை ஓட்டிய காலத்தில் வகுத்த முறை, மின்மோட்டார் வந்த பிறகும் பல தோட்டங்களில் தொடர்கிறது. பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் முறைத் தண்ணீர் தவறுவதில்லை.

பெரிய பாசனங்களிலும் இதே ஏற்பாடுதான். 1955-ஆம் ஆண்டு பவானிசாகர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்து செல்லும் கீழ்பவானி வாய்க்காலில் ஒரு போகத்துக்கு ஒற்றைப்படை மதகுகள், மறு போகத்துக்கு இரட்டைப்படை மதகுகள் என்று மாற்றி மாற்றித் தண்ணீர் விடப்படுகிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் நிலம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, மண்டலவாரியாக முறை வைத்துப் பாய்ச்சப்படுகிறது. உரிய நாளும் உரிய மதகும் முன்னதாகவே தெரிந்திருப்பதால்தான் இத்தனை பெரிய ஆயக்கட்டு நடக்கிறது.

குடிமராமத்தும் அப்படிப்பட்டதே. குளத்து நீரால் பயன்பெறுகிறவர்கள் வாய்க்கால் தூர்வாரவும் கரையைச் செப்பனிடவும் ஆள் தர வேண்டும் என்பது பழைய வழக்கம். 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு இதைச் சட்டமாகவே ஆக்கியது. ஆள் தராதவரிடம் அந்த உழைப்பின் மதிப்பைப் பணமாகப் பெறவும் அச்சட்டம் இடம் தந்தது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரிலேயே குளங்களைச் சீரமைக்கும் திட்டத்தைத் தொடங்கியதும் நீங்கள் அறிந்ததே.

வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் இருக்கிற இந்த முறையைப் பொதுத் தோட்டத்துக்கும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

ஞாயிறு தவறாத தொண்டர்கள்

நம் கோவையிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2017-ஆம் ஆண்டு பேரூர்ப் பெரியகுளத்தில் துப்புரவு வேலையைத் தொடங்கிய கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி வேலை செய்வதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். குளங்களில் பிளாஸ்டிக் குப்பை பொறுக்குவதும் சீமைக்கருவேலை அகற்றுவதும் அவர்கள் வேலை. வெள்ளலூர்க் குளக்கரையில் மியாவாக்கி முறையில் அடர்வனமும் வளர்த்திருக்கிறார்கள். ஜப்பானியத் தாவரவியல் அறிஞர் அகிரா மியாவாக்கியின் பெயரால் வழங்கும் இம்முறையில் கன்றுகளை நெருக்கமாக நட்டு, முதல் 2, 3 ஆண்டுகள் களை எடுத்துத் தண்ணீர் விட வேண்டும். அதன் பின்னரே காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். திருப்பூரில் 2015-இல் தொடங்கப்பட்ட 'வனத்துக்குள் திருப்பூர்' மரம் வளர்ப்புப் பணியும் ஆண்டுதோறும் தொடர்ந்து நடந்து வருகிறது.

இவற்றில் உழவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வருகிறவர்கள் கூலிக்கு வருகிறவர்கள் அல்லர். ஒரு வாரம் 100 பேர் வரலாம், மறு வாரம் 10 பேர் வரலாம். ஆனால் கிழமை மாறுவதில்லை. கிழமை மாறாதவரை வேலை நிற்பதில்லை.

இங்கிலாந்தில் ஒரு வழக்கம்

வெளிநாட்டு அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் நிலமில்லாத நகரவாசிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் காய்கறி போட உள்ளாட்சி மன்றமே நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆண்டு வாடகைக்குத் தருகிறது. இதற்கு 1908-ஆம் ஆண்டுச் சட்டம் அடிப்படை. ஒரு முழுத் துண்டின் வழக்கமான பரப்பு, நம் கணக்கில் சுமார் 6 சென்ட். இரண்டாம் உலகப் போரின்போது உணவுக் கப்பல்கள் வருவது தடைப்பட்ட காலத்தில் அந்நாட்டு மக்களுக்கு இத்தோட்டங்கள் பெரிதும் கைகொடுத்தன.

அங்கே அவரவர் துண்டில் அவரவர் பயிர். வேலி, பாதை, தண்ணீர்த் தொட்டி, பொதுப் பூந்தோட்டம் முதலியவற்றைப் பல இடங்களில் துண்டு வைத்திருப்போரே தொண்டாகச் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். பயிர் செய்யாமல் களை மண்ட விடுகிறவருக்கு முதலில் அறிவிப்பு வரும். பிறகும் திருந்தாவிட்டால் துண்டு அடுத்தவருக்குப் போகும். தனக்கென்று ஒரு பங்கு, பொதுவுக்கென்று ஒரு வேலை என்னும் இந்தப் பிரிவினை நமக்கும் பொருந்தும்.

பொதுச் சொத்தை மக்களே முறையாகக் காக்க முடியும் என்று ஆராய்ந்து காட்டியதற்காக அமெரிக்க அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். பொருளாதாரத்தில் அப்பரிசு பெற்ற முதல் பெண்மணியும் அவரே. அவர் ஆராய்ந்தவற்றுள் நேபாளத்து உழவர்களின் வாய்க்கால்களும் ஸ்பெயின் நாட்டுப் பாசனங்களும் உண்டு. எல்லை தெளிவாக இருக்க வேண்டும், விதியைப் பயன்பெறுகிறவர்களே வகுக்க வேண்டும், கண்காணிப்பு வேண்டும், தவறுக்குத் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக உயர வேண்டும் என்பன அவர் கண்ட முடிவுகளில் சில. நம் ஊர் வாய்க்கால் நீர்க்கட்டிக்கு இவை வியப்பாக இரா.

இடம் தேர்ந்தெடுத்தல்

இனிச் செய்முறைக்கு வருவோம். 14 குடும்பங்கள், 5 சென்ட் நிலம் என்று வைத்துக்கொள்வோம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் வருவாய்க் கணக்கைப் பாருங்கள். குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கில் தோட்டம் போடக் கூடாது. ஏரி, குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. நல்ல எண்ணத்தில் போட்டாலும் ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்பே. மேய்ச்சல் புறம்போக்கும் வேண்டாம். அது ஆடு மாடு வைத்திருக்கும் ஏழைகளின் பங்கு. அங்கன்வாடி, பள்ளி, ஊராட்சிக் கட்டடம் ஆகியவற்றை ஒட்டிய வெற்றிடமே ஏற்றது. உரியவர்களின் எழுத்து மூலமான இசைவைப் பெறுங்கள். ஊராட்சி நிலமாயின் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக எழுதிக்கொள்வது நலம். வாய்ச்சொல்லால் கிடைத்த இடம், தலைவர் மாறினால் கைவிட்டுப் போகும்.

குடங்களை எண்ணுங்கள்

கன்றை எண்ணுவதற்கு முன் குடத்தை எண்ண வேண்டும். கோவை வட்டாரத்தில் ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர்தான். அதில் ஏறத்தாழப் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய பருவமழையில் வந்துவிடும். மற்ற மாதங்களுக்கு நாம்தான் தண்ணீர் தர வேண்டும்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். கோடையில் காய்கறிப் பாத்திக்கு நாளொன்றுக்கு சுமார் 5 மில்லிமீட்டர் தேவை. நாம் அமைக்கப்போகும் பாத்திகளின் பரப்பு 112 சதுர மீட்டர். ஆக 560 லிட்டர். நாற்றங்காலுக்கும் மரங்களுக்கும் 140 லிட்டர் சேர்த்தால் 700 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் அளந்தால் 47 குடம். இத்தனை குடம் நாள்தோறும் எங்கிருந்து வரும், யார் விடுவார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகே மண்ணைக் கொத்துங்கள். குடிநீர்க் குழாயை நம்பிவிட வேண்டாம். ஊருக்குக் குடிநீர் குறையும் நாளில் தோட்டம் பகையாகத் தெரியும். கைபம்பின் வழிநீர், சோப்பு கலவாத கழுவுநீர், கூரையில் விழும் மழைநீர், பக்கத்துத் தோட்டத்துக்காரர் மனமுவந்து தரும் கிணற்று நீர் ஆகியவற்றை முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்ட அமைப்பு

5 சென்ட் என்பது சுமார் 200 சதுர மீட்டர். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நீளம் கிழக்கு மேற்காக இருப்பது நல்லது. நடுவில் ஒரு மீட்டர் பாதை விடுங்கள். பாதையின் இரு பக்கமும், 4 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட பாத்திகளை ஏழேழாக அமையுங்கள். பாத்திக்குப் பாத்தி அரை மீட்டர் இடைவெளி போதும். வேலியோரம் அரை மீட்டர் விட்டால் கணக்குச் சரியாகும். ஒரு கோடியில் மிஞ்சும் இடத்தில் ஒரு பக்கம் நாற்றங்கால், மறு பக்கம் மக்குக் குழி.

வடக்கு வேலியோரம் 3 முருங்கை நடலாம். நிழல் பெரும்பாலும் தோட்டத்துக்கு வெளியே விழும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கை விதைத்த 6 மாதத்தில் காய்க்கத் தொடங்கும். வேலிக்குக் கிளுவைப் போத்து ஊன்றுங்கள். அது தழைத்து நெருங்கும்வரை வெளிப்புறம் முள் அடைத்துவிடுவது அவசியம். ஓர் ஆடு உள்ளே நுழைந்தால் ஒரு மாத உழைப்பு ஒரு மணி நேரத்தில் போய்விடும். வேலியில் அவரையும் பீர்க்கும் ஏற்றிவிடலாம்.

ஒவ்வொரு பாத்திக்கும் அடியுரமாக 20 கிலோ மக்கிய தொழு உரம் இடுங்கள். 14 பாத்திக்கும் 280 கிலோ ஆகும். ஆடிப்பட்டத்தில் வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தவரை. புரட்டாசி, ஐப்பசியில் முள்ளங்கி, சின்ன வெங்காயம், கீரைகள். தைப்பட்டத்தில் தக்காளி, வெண்டை என்று மாற்றிப் போடுங்கள். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஆகையால் ஒன்று எடுத்த பாத்தியில் உடனே மற்றொன்றை நட வேண்டாம். சிறுகீரையை விதைத்த 25 நாளில் பறிக்கலாம். முதல் மாதத்திலேயே கையில் ஏதாவது கிடைத்தால் ஆர்வம் தளராது. ஆகவே எல்லாப் பாத்தியிலும் ஒரு மூலையில் கீரை இருக்கட்டும்.

சாறு உறிஞ்சும் பூச்சிகளும் இலை தின்னும் புழுக்களும் தோன்றினால் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளியுங்கள். ஒரு லிட்டருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பு என்ற கணக்கில் இடித்து, இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். இத்தோட்டம் முழுவதற்கும் 300 கிராம் பருப்பும் 6 லிட்டர் நீரும் போதும். அங்கன்வாடிக் குழந்தைகள் நடமாடும் இடமாதலால் நஞ்சு மருந்துகளை உள்ளேயே கொண்டுவர வேண்டாம்.

ஏழு கிழமை, பதினான்கு குடும்பம்

ஒரு குடும்பத்துக்கு ஒரு பாத்தி. அதில் விதைப்பது, களை கொத்துவது, பறிப்பது எல்லாம் அக்குடும்பத்தைச் சேர்ந்தது. தண்ணீர் மட்டும் பொது. 14 குடும்பத்தையும் இரண்டிரண்டாக 7 இணைகளாக்கி, இணைக்கு ஒரு கிழமை கொடுங்கள். திங்கள்கிழமை முறைக்காரர் 14 பாத்திக்கும் தண்ணீர் விடுவார், வேலியைச் சுற்றிப் பார்ப்பார், கதவை அடைப்பார். மற்ற ஆறு நாளும் அவருக்குத் தண்ணீர்க் கவலை இல்லை. இரண்டு பேர் சேர்ந்தால் குடத்தில் சுமந்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். குழாய் இருந்தால் இன்னும் எளிது.

மாதம் ஒரு நாள் எல்லோரும் கூட வேண்டும். அதற்கு அமாவாசையை வைத்துக்கொள்ளலாம். அன்று ஏர் பூட்டாத வழக்கம் நம் பக்கம் இருப்பதால் ஆள் கிடைப்பது எளிது. வேலி அடைப்பு, மக்குக் குழி கிளறுதல், பாதைக் களை ஆகிய பொது வேலைகளை அன்று முடித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து கணக்கும் பேசிவிடலாம்.

கிழமைப் பட்டியலைத் தோட்டக் கதவிலேயே எழுதித் தொங்கவிடுங்கள். ஒரு நோட்டில் நாள்தோறும் முறைக்காரர் கையெழுத்திட வேண்டும். நல்லது கெட்டதுக்கு வெளியூர் போகிறவர் முன்கூட்டியே முறையை மாற்றிக்கொள்ளலாம், அதில் குற்றமில்லை. சொல்லாமல் தவறினால் முதல் முறை நினைவூட்டுங்கள். இரண்டாம் முறை அடுத்த வாரம் கூடுதலாக ஒரு நாள் கொடுங்கள். மூன்றாம் முறை அமாவாசைக் கூட்டத்தில் வைத்துக் கேளுங்கள். அதன் பின்னும் தவறினால், நட்ட பயிரை அறுவடை செய்துகொள்ளவிட்டு, பாத்தியைக் காத்திருக்கும் அடுத்த குடும்பத்துக்குக் கொடுங்கள். வயதானவர், கர்ப்பிணி, நோயாளி உள்ள வீட்டுக்குக் குடம் சுமக்கும் வேலை வேண்டாம். விதை சேமிப்பு, நாற்றங்கால், நோட்டுக் கணக்கு என்று உட்கார்ந்து செய்யும் வேலை எத்தனையோ இருக்கிறது.

கோடைக்கு ஒரு தனி ஏற்பாடு வேண்டும். பங்குனி பிறந்ததும் பாதிப் பாத்திகளுக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். அவற்றின் மேல் தென்னை ஓலை, கரும்புச் சோகை, சருகு ஆகியவற்றால் மூடாக்கு போட்டு மண்ணைக் காப்பாற்றுங்கள். ஒரே கிழமைக்குரிய இரண்டு குடும்பமும் அந்த மூன்று மாதத்துக்கு ஒரு பாத்தியைப் பகிர்ந்துகொள்ளட்டும். அப்போது 47 குடம் 28 குடமாகக் குறையும். கோடையில் முழுத் தோட்டத்தையும் காப்பாற்ற முயன்று எல்லாவற்றையும் இழப்பதைவிட, பாதியை வைத்துக்கொண்டு ஆடிக்கு மறுபடி விரிப்பதே அறிவுடைமை.

பறிக்கும்போதுதான் சண்டை

வேலை செய்யும்போது வரும் மனத்தாங்கலைவிடப் பறிக்கும்போது வரும் மனத்தாங்கலே பெரிது. பொது மரத்து முருங்கைக்காய் யாருக்கு என்பதை மரம் நடும் அன்றே எழுதிவிடுங்கள். அங்கன்வாடி அல்லது பள்ளிச் சத்துணவுக்கு முதல் பங்கு, அன்றைய முறைக்காரருக்கு அடுத்த பங்கு என்று வைத்துக்கொண்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். 5 சென்ட் நிலம் 14 குடும்பத்தின் முழுக் காய்கறித் தேவையையும் தீர்க்காது. ஆனால் வாரத்தில் சில நாளாவது கீரையும் காயும் காசில்லாமல் அடுப்புக்கு வரும். தோட்டம் துரவு உள்ளவருக்கு இது சிறிது. மூன்று சென்ட் வீட்டுமனையைத் தவிர வேறு மண் இல்லாதவருக்கு இது சிறிதல்ல.

ஆகையால் மற்றொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பொதுத் தோட்டம் என்று பெயர் வைத்தால் ஊரும் காலனியும் சேர்ந்தே இருக்க வேண்டும். கிழமை இணைகளைச் சேர்க்கும்போது சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். தண்ணீர் எடுக்கும் இடம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஒரே தொட்டியில் மொள்ளத் தயங்குகிற ஊரில் முறை நிற்காது; முறை நிற்காத இடத்தில் பயிர் நிற்காது. கொங்கு நாட்டு மண்ணில் உழைத்தவர்களில் நிலம் பெறாதவர்களே பலர். இத்தோட்டத்தில் முதல் பாத்தி அவர்களுக்குப் போவதே முறை.

ஸ்பெயின் நாட்டு வாலென்சியா நகரில் பாசன உழவர்கள் தேர்ந்தெடுத்த மன்றம் ஒன்று, வியாழக்கிழமைதோறும் தேவாலய வாயிலில் கூடித் தண்ணீர்த் தகராறுகளை அங்கேயே பேசித் தீர்க்கிறது. பல நூற்றாண்டுகளாக இது நடந்து வருகிறது. ஊர் கூடினால் தேர் நகரும் என்பார்கள். தேர் ஆண்டுக்கு ஒரு நாள். தோட்டத்துக்கு நாள்தோறும் கை வேண்டும். ஊரே கூட வேண்டியதில்லை. திங்கட்கிழமைக்கு இரண்டு பேர், செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு பேர் என்று வந்தால் போதும்.

வருகிற ஆடிக்குள் உங்கள் ஊரில் 14 குடும்பங்களைச் சேர்த்துப் பாருங்கள். இடம் பார்க்குமுன் கிழமைகளைப் பங்கிட்டுப் பாருங்கள். ஏழு கிழமைக்கும் ஆள் சேர்ந்துவிட்டால் மட்டும் மண்ணைக் கொத்துங்கள். ஐந்து கிழமைக்குத்தான் ஆள் உண்டு என்றால் தோட்டத்தையும் அந்த அளவுக்குச் சிறிதாக்கி, மீதிக் கிழமைகளை அந்த ஐந்து இணைகளே மாறி மாறிப் பார்த்துக்கொள்ளுங்கள். மண் பரிசோதனைக்கும் நல்ல விதைக்கும் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ தோட்டக்கலைத் துறை அலுவலரையோ அணுகிப் பயன்பெற வேண்டுகிறேன்.